எந்தக் கண்ணாடியில் சீட்டு?

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்க. இதை உரக்கச் சொல்ல முடியாது. ஈச்சங்குண்டுக்காரர் ஒருத்தர் காதில் விழுந்தாலும் போச்சு. "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு நம்ம வீட்டிலேயே நாலு நாள் தங்கிவிடுவார்.

அந்த ஈச்சங்குண்டில் கொம்பையா என்று ஒருத்தன். வயது முப்பத்தாறு. நல்ல உழைப்பாளி, குடி கிடையாது, தலையில் முடி கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். நாலு இடத்தில் பெண் பார்த்தும் ஒன்றும் அமையவில்லை. அமையாததற்குப் பெண் வீட்டார் காரணம் இல்லை. கடைசியாகப் போன வீட்டில், "பொண்ணைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்கள். இவர்கள் பார்த்தார்கள். "பாத்துட்டோம்" என்று சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டார்கள்.

இப்போது ஐந்தாவது இடம் வந்திருந்தது. பெண் பெயர் சந்தனமாரி. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, யாரோ கூப்பிட்டுத் திரும்பின மாதிரி ஒரு போட்டோ. கொம்பையா அதை ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை எடுத்துப் பார்ப்பான். கூப்பிட்டது நாமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வான்.

பெண்ணின் அப்பா கறாரான ஆள். "ஞாயித்துக்கிழமை நாலரைக்கு இராகுகாலம். அதுக்கு முன்னால வேன்ல வந்து இறங்கிருங்க. நாலரைக்கு மேல யாரும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது. ஆறு மணிக்கு வேற ஒரு மாப்பிள்ளை வீடு வாரதாச் சொல்லியிருக்காக" என்று போனில் சொல்லிவிட்டார்.

வேன் வெயிலுமுத்து அண்ணாச்சியுடையது. ஓட்டுவதும் அவர்தான். ஈச்சங்குண்டிலேயே கண்ணாடி போட்ட ஒரே ஆள் என்பதால் ஊரில் புத்திசாலி அவர்தான் என்று முடிவாகியிருந்தது. கொம்பையாவின் சித்தப்பா தவசிலிங்கமும், மச்சான் மாசானமும் கூட ஏறிக்கொண்டார்கள். தவசிலிங்கம் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவார். மாசானம் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான்.

டவுனில் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து எட்டு கிலோமீட்டரில் பெண் ஊர். மூன்று மணிக்கெல்லாம் டவுன் மார்க்கெட் பக்கத்தில் இருந்த பார்க்கிங் மைதானத்தில் வேனை நிறுத்தினார்கள். சீட்டுப் போடுகிற செல்லக்கனி என்ற அம்மா வந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

"ரெண்டு மணி நேரத்துக்குச் செல்லும். கண்ணாடியில தெரியுத மாதிரி ஒட்டிட்டுப் போங்க. தெரியலைன்னா சக்கரத்துல பூட்டு மாட்டிருவாங்க. அப்புறம் ஐந்நூறு அபராதம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.

நாலு பேரும் சீட்டைச் சுற்றி நின்றார்கள்.

"எந்தக் கண்ணாடில?" என்றார் தவசிலிங்கம்.

மாசானம் சீட்டை வாங்கி, டிரைவர் பக்கத்துக் கண்ணாடிக்கு நேரே பிடித்தான். "தெரியுது அண்ணாச்சி" என்றான். கையை எடுத்தான். "இப்பத் தெரியலை."

"கண்ணாடி பழுதா இருக்கும். அந்தப் பக்கம் பாரு" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பக்கமும் அதே பழுது.

"முன் கண்ணாடியில ஒட்டிருவோமே" என்றான் கொம்பையா. அவனுக்கு அவசரம்.

வெயிலுமுத்து அண்ணாச்சி அவனை இரக்கமாகப் பார்த்தார். "மாப்ள, அவசரப்படாத. அந்த அம்மா என்ன சொல்லுச்சு? முன் கண்ணாடின்னு சொல்லுச்சா? பக்கக் கண்ணாடின்னு சொல்லுச்சா? வெறும் கண்ணாடின்னு சொல்லுச்சு. இந்த வேன்ல வெறும் கண்ணாடி எது?"

யாருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

"அது மூக்குக் கண்ணாடில்லா?" என்றார் தவசிலிங்கம்.

"அது கடைக்காரனுக்கு. வீட்டுல நான் என்ன சொல்லுவேன்? 'ஏட்டி, கண்ணாடிய எங்க?'ன்னு கேப்பேன். உங்க மதினி ஒரு நாளாவது வேனோட முன் கண்ணாடியக் கழத்திக் கொண்டாந்து குடுத்திருக்காளா?"

தவசிலிங்கம் யோசித்துப் பார்த்தார். மதினி அப்படிச் செய்ததாக ஞாபகம் இல்லை. அவர் வாயடைத்துப் போனது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஒட்டுவதற்குப் பசை இல்லை. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றில் நாலு பருக்கையை எடுத்து நசுக்கி, அண்ணாச்சியின் இடது கண்ணாடியில் சீட்டை அழுத்தி ஒட்டினார்கள். எழுத்து உள்பக்கம் இருக்கும்படி ஒட்டச் சொன்னார் அண்ணாச்சி. வாங்கினது நாம், படிக்க வேண்டியதும் நாம்தானே என்பது அவர் கணக்கு.

கடைவீதியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பழக்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் காட்டியபோது, வலது கண்ணுக்குத் தெரிந்த ஆறு பழத்துக்குத்தான் காசு கொடுப்பேன், மீதி இருப்பதாகச் சொல்வதற்குச் சாட்சி வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டார். பூக்கடைக்காரி அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் ஆகி எத்தனை நாள் ஆச்சு என்று விசாரித்து, ஒரு முழம் சேர்த்துக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

மூன்றரைக்குத் திரும்பி வந்தால், வேனின் முன் சக்கரத்தில் மஞ்சள் நிறத்தில் பெரிய இரும்புப் பூட்டு. முன் கண்ணாடியில் ஒரு தாள். கொம்பையா எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"சீட்டு கண்ணாடியில் தெரியவில்லை. அபராதம் ரூபாய் ஐந்நூறு."

"அபாண்டம்" என்றார் அண்ணாச்சி. "எனக்கு இடது கண்ணுல அதைத் தவிர வேற ஒண்ணுமே தெரியலை."

கொம்பையா போட்டோவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சட்டைப் பையில்தான் இருந்தாள். "அண்ணாச்சி, பஸ்ல போயிருவமா?" என்று கேட்டான்.

"பொண்ணோட அப்பா என்ன சொன்னாரு?"

"வேன்ல வந்து இறங்கிருங்கன்னாரு."

"பஸ்ல போய் இறங்குனா, சொன்ன சொல்லக் கேக்காத குடும்பம்னு நினைக்க மாட்டாரா?"

மாசானம் தலையாட்டினான். நாலு பேரும் பூவையும் பழத்தையும் தூக்கிக்கொண்டு மைதானத்து மூலையில் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனார்கள். அங்கே சூப்பர்வைசர் இஸ்ரவேல், மேஜை முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஆள் கண்ணில் சீட்டோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், நாங்க சீட்டு வாங்கியிருக்கோம்" என்றான் கொம்பையா.

"வாங்கினது சரி. வண்டிக் கண்ணாடியில ஒட்டலையே."

"இதுவும் வண்டிக் கண்ணாடிதான் சார்" என்றான் மாசானம். "இவரு வந்தது எதுல? வண்டியில. இவரு மூக்கு வந்தது எதுல? வண்டியில. மூக்கு மேல இருந்த கண்ணாடி மட்டும் நடந்தா வந்துச்சு?"

இஸ்ரவேல் மேஜை இழுப்பறையைத் திறந்தார். "வாயால பேசி ஆகாது. நடந்ததை அப்படியே ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

ஒன்பதாவது வரைக்கும் படித்தவன் கொம்பையாதான். அவன் எழுத, மற்ற மூவரும் சுற்றி நின்று ஞாபகப்படுத்தினார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று நாற்பது. எழுதி முடித்துக் கொடுத்ததை இஸ்ரவேல் வாசித்தார்:

'ஐயா அவர்களுக்கு, நடந்தது பின்வருமாறு. வேனிலிருந்து பூக்கடைக்கு நடந்தோம். பூக்கடையிலிருந்து பழக்கடைக்கு நடந்தோம். பழக்கடையிலிருந்து வெற்றிலைக் கடைக்கு நடந்தோம். வழியில் மாசானம் காலில் தைத்த முள்ளை எடுக்க நின்றார். அது நின்றது என்பதால் இதில் சேர்க்கவில்லை. திரும்பவும் வேனுக்கு நடந்தோம். வேனிலிருந்து தங்களிடம் நடந்தோம். இப்போது நிற்கிறோம்.'

கீழே நாலு கையெழுத்து.

இஸ்ரவேல் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சீட்டு எத்தனை மணிக்குப் போட்டதுன்னாவது பாக்குதேன். அதைக் குடுங்க."

அண்ணாச்சி சீட்டை இழுத்தார். வரவில்லை. புளிச்சோறு இறுகிவிட்டது. கண்ணாடியையே கழற்றிக் கொடுத்தார்.

"எழுத்து உள்பக்கமா இருக்கேய்யா."

"போட்டுப் பாருங்க சார். அது பாக்குத கண்ணாடிதானே" என்றார் தவசிலிங்கம்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. கொம்பையா வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தான். இஸ்ரவேலுக்கும் இந்தக் கும்பல் போனால் போதும் என்றிருந்தது. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். அண்ணாச்சியுடையது நல்ல கனமான பவர். மனுஷனுக்குத் தலை சுற்றி, மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் தெரியுது?" என்று பணிவாகக் கேட்டார் தவசிலிங்கம்.

"என்னத்தைத் தெரியும்? சீட்டுதான்யா தெரியுது."

தவசிலிங்கம் வேனின் முன் கண்ணாடியில் இருந்து பிய்த்து வந்த தாளை எடுத்து மேஜைமேல் மெதுவாக வைத்தார். 'சீட்டு கண்ணாடியில் தெரியவில்லை' என்ற வரியின்மேல் விரலை வைத்தார்.

"சார் வாயாலயே சொல்லிட்டீங்க."

இஸ்ரவேல் கண்ணாடியைக் கழற்றினார். அந்தத் தாளைப் பார்த்தார். நாலு முகத்தையும் பார்த்தார். இருபது வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். குடிகாரர்களைப் பார்த்திருக்கிறார், கத்தி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறார். இப்படி அவரை யாரும் மடக்கியதில்லை. டம்ளரில் மிச்சம் இருந்த டீயில் கண்ணாடியை முக்கி, சீட்டை உரித்து, நேரத்தைப் பார்த்தார். செல்லுகிற சீட்டுதான். அபராதத் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"எங்க போகணும் நீங்க?"

"பொண்ணு பாக்க, சார். நாலரைக்குள்ள" என்றான் கொம்பையா.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

இஸ்ரவேல் அவனை ஒரு தடவை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அவரே வேனுக்கு வந்தார். மண்டியிட்டுப் பூட்டைத் திறந்து சக்கரத்திலிருந்து கழற்றினார். மணி நாலு ஐந்து. எட்டு கிலோமீட்டர்தான். ஒழுங்காகப் போனால் கால் மணி நேரம். கொம்பையா முதல் ஆளாக ஏறிப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டான். சந்தனமாரி என்ன நிறத்தில் சேலை கட்டியிருப்பாள் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற இன்னொரு மைதானத்தில் ஒரு லாரி வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதாக இஸ்ரவேலுக்குப் போன் வந்தது. அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பைக்கில் ஏறினார்.

"அண்ணாச்சி, அந்தப் பூட்டைத் தரையில அப்படியே போட்டுட்டுப் போயிராதீங்க. போன வாரம் ஒண்ணு களவு போயிட்டு. பத்திரமான இடமாப் பாத்து வச்சுட்டுக் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்தார்.

அபராதத்தைத் தள்ளுபடி செய்த மனுஷன். அவர் சொன்னதைச் செய்யாமல் போனால் நன்றி கெட்ட ஜனம் என்று ஆகிவிடாதா? மூன்று பேரும் பூட்டைச் சுற்றி நின்றார்கள்.

"கொட்டகையில வச்சிருவமா?" என்றான் மாசானம்.

"கதவு தொறந்து கிடக்கு" என்றார் தவசிலிங்கம்.

"செல்லக்கனி அம்மா கையில குடுத்துருவமா?"

"அந்தப் பொம்பளை ஒரு இடத்துல நிக்குதா? நிக்காத ஆள்கிட்ட குடுத்தா, பூட்டும் அது கூடவே ஊர் சுத்தும்."

"அந்த வேப்பமரத்துக் கிளையில?"

"எட்டுத உயரத்துல வச்சா களவு போயிரும். எட்டாத உயரத்துல வைக்க நமக்கு எட்டாது."

கொம்பையா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். மணி நாலு பன்னிரண்டு. "அண்ணாச்சி, எங்கயாவது வைங்க. நம்ம வண்டியிலயே வைங்களேன். அதுதான் பத்திரம்."

வெயிலுமுத்து அண்ணாச்சி திரும்பி அவனைப் பார்த்தார். கழுவின கண்ணாடிக்குள் கண் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. "பாத்தீரா தவசி, மாப்பிள்ளைக்கு மூளை இருக்கு. நம்ம வேனை விடப் பத்திரமான இடம் இந்த டவுன்ல எது? வெறுமனே தூக்கி வச்சா ஆட்டத்துல விழுந்துரும். விழாம வைக்கணும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பூட்டைத் தூக்கிக்கொண்டு போய் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்தார். இஸ்ரவேல் எந்த இடத்திலிருந்து கழற்றினாரோ அதே இடத்தில், அதே மாதிரி, வளைவு சரியாக உட்காரும்படி மாட்டினார். இரண்டு கையாலும் அழுத்தினார். டக்கென்று சத்தம் கேட்டது. சந்தேகத்துக்கு இரண்டு தடவை பலமாக இழுத்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை ஒரு அழுத்து அழுத்தி, "நேரமாச்சு, எல்லாரும் ஏறுங்க" என்றார்.