ஈரல்காரி வெளியே நீட்டிய கை

உடம்புக்குள் இருப்பதெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஈரலில் குடியிருந்த செல்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கதவைத் தட்டினால்தான் திறப்பார்கள். சுவருக்கு வெளியே யாரும் கை நீட்டக் கூடாது.

சர்க்கரை தட்டிவிட்டு உள்ளே வந்தது. கெட்ட கொழுப்பு எங்கே தட்டும்? அது பாட்டுக்கு ரத்தத்தில் மிதந்து போய், இதயத்தின் குழாய்களில் அப்பிக்கொண்டது.

ஒருநாள் இதயம் அலறியது. "ஈரல்காரங்களே, எனக்கு வழி அடைக்குது! நான் நின்னுட்டா உங்களுக்கு யாரு ரத்தம் அனுப்புவா?"

"அந்தக் கொழுப்பு தட்டலையே அண்ணே, நாங்க என்ன செய்ய?" என்றாள் வடிவு என்ற செல், உள்ளே இருந்தபடியே.

பக்கத்து வீட்டுச் செல் செங்கமலம். எதற்கெடுத்தாலும் பதறுகிறவள். "அது தட்டுற வரைக்கும் அண்ணன் உசுரோட இருக்கணுமே!" என்று சுவரைத் துளைத்துக் கையை வெளியே நீட்டிவிட்டாள். நல்ல சத்து எதுவும் தவறி மாட்டிவிடுமோ என்று பயந்து, கொழுப்பு உருண்டைக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி உள்ளங்கையைக் குழித்துக்கொண்டாள்.

உருண்டை மாட்டியது. இழுத்தாள். பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டதால், உருண்டையோடு கையும் பிய்ந்து உள்ளே விழுந்தது.

வடிவு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு உருண்டைக்கு ஒரு கை போச்சா? நாளைக்கு எதை நீட்டுவே, மூக்கையா?"

"சிரிடி, சிரி" என்றாள் செங்கமலம். பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோல, கையையும் உருண்டையையும் ஒரு பைக்குள் போட்டுப் புளித்தண்ணீரை ஊற்றினாள். பிடி விட்டது. கை பளபளவென்று தனியாக வந்தது. அதைப் பழைய இடத்திலேயே செருகினாள். மிச்சமிருந்த கொழுப்பைக் கரைத்துப் பித்தமாக்கி வெளியே அனுப்பினாள். அதற்குள் அந்தக் கை அடுத்த உருண்டையைப் பிடித்திருந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் மூச்சு வருது" என்றது இதயம். "ஆனா ஒரு கை பத்தாது."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வடிவின் குரல் கேட்டது. "ஏ செங்கமலம், புளித்தண்ணி எப்படிக் கரைச்சே?"

அன்று நீட்டிய கையை ஈரல் இதுவரை மடக்கவில்லை. பிடித்த கை உள்ளே போகிறது, குளித்துவிட்டுத் திரும்ப வாசலில் வந்து நிற்கிறது. தட்டாமல் போகிறவனையும் விடாத வீடு அது ஒன்றுதான்.