திருப்பிச் சொல்றேன் சார்

விமான நிலையக் கோபுரத்தின் மாற்று ரேடியோ பழுதாகி அறுபத்திரண்டு நாள் ஆயிற்று. மெயின் ரேடியோவும் படுத்துவிட்டால் மேலே பறக்கிற விமானத்தோடு பேச வழியே கிடையாது. உதிரிபாகம் கேட்டு டெக்னீஷியன் மரகதவல்லி ஆறு கடிதம் எழுதிவிட்டாள். மண்டலப் பொது மேலாளர் செங்குட்டுவன் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. மெமோ அனுப்ப மட்டும் அவருக்கு நேரம் இருந்தது. போனில் வரும் உத்தரவை அவள் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வதில்லையாம்.

இன்று அவரே கோபுரத்துக்குப் போன் செய்தார்.

"நாளைக்கு டெல்லியிலேர்ந்து ஆய்வுக்கு வராங்க. ரேடியோ நல்லா இருக்குன்னு லாக் புக்ல எழுதிடு. இல்லேன்னா உனக்கு வேலை இருக்காது."

"சரிங்க சார், திருப்பிச் சொல்றேன். அறுபத்திரண்டு நாளா ஓடாத ரேடியோவை ஓடுதுன்னு எழுதணும்னு பொது மேலாளர் செங்குட்டுவன் உத்தரவு. நேரம் பத்து நாற்பது. நான் சொன்னது சரியான்னு சொல்லுங்க சார். இந்த லைன்ல பேசுறதெல்லாம் பதிவாகுது."

மறுமுனையில் போன் சட்டென்று வைக்கப்பட்டது.

மறுநாள் முதல் விமானத்திலேயே உதிரிபாகம் வந்து இறங்கியது. மரகதவல்லி அதை மாட்டிவிட்டு, ஆய்வுக் குழுவின் கண்முன்னே லாக் புக்கில் எழுதினாள்:

"பழுதாய்க் கிடந்தது அறுபத்துமூன்று நாள். சரிசெய்ய ஆனது இருபது நிமிடம்."