ஆதிமூலம் டாக்டரின் கால்

பெரியாஸ்பத்திரியில் புறநோயாளிகளின் பழைய ஃபைல்களை எடுத்துக் கொடுப்பவள் பேச்சியம்மாள். ஒரு ஃபைல் வர அரை நாளாகிறது என்று புகார் போய், கலெக்டரம்மாவே விசாரிக்க வந்துவிட்டார்.

"எல்லாம் இவ சோம்பேறித்தனம் மேடம்!" என்று முழங்கினார் தலைமை டாக்டர் ஆதிமூலம். அவர் தும்மினாலே வராந்தா எழுந்து நிற்கும். காலையிலிருந்து காத்துக் கிடந்த பெரியவர் ஒருவரின் சீட்டைப் பிடுங்கி அவளிடம் நீட்டினார். "இவர் ஃபைல் அஞ்சு நிமிஷத்துல வரணும். இல்லேன்னா நாளையிலிருந்து உனக்குப் பிணவறையில வேலை!"

"அஞ்சு எதுக்குங்கய்யா? நீங்க கூட வந்தா ஒண்ணே போதும்," என்றாள் பேச்சியம்மாள்.

ஃபைலை யார் எடுத்துப் போனாலும், அது இருந்த இடத்தில் அவர் பெயரெழுதிய அட்டையைச் செருகி வைப்பது அவள் வழக்கம். அட்டையைப் பார்த்தாள். விறுவிறுவென்று ஆதிமூலத்தின் அறைக்கே நடந்து, மேஜைக்கு அடியில் குனிந்தாள். அவர் கால் நீட்டிக்கொள்ள வாகாக அங்கே ஃபைல்கள் அடுக்கியிருந்தன. பெரியவருடையது மேலாகவே இருந்தது, செருப்புத் தடத்தோடு.

"ஆராய்ச்சிக்கு வாங்கி வச்சது..." என்று மென்று விழுங்கினார் ஆதிமூலம்.

கலெக்டர் பேச்சியம்மாளிடம் திரும்பினார். "அப்புறம் ஏம்மா அரை நாளாகுது?"

"ஃபைலை எடுக்க எனக்கு ஒரு நிமிஷந்தாங்கம்மா. ஐயா காலைத் தூக்கத்தான் அரை நாளாகுது!"