அமாவாசைப் பந்தியும் நாலு மணிச் சீட்டும்

பொங்கியண்ணனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கரூருக்கு வெளியே இருக்கிற மடத்துக்கு அமாவாசை தவறாமல் தியானம் செய்ய வருவார். கண்ணை மூடுவார், உடனே செல்போனை எடுத்துவிடுவார். மடத்துச் சாமிக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் பொங்கியண்ணன் குரு என்று மனசார வரித்துக்கொண்டது அவரைத்தான். தியானம் மட்டும் இன்றுவரை வந்தபாடில்லை.

அந்த அமாவாசைக்கு மனைவி தெய்வானையும் கூட வந்திருந்தார். வந்ததும் காய் நறுக்கச் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். பொங்கியண்ணன் நேரே சாமியிடம் வந்து நின்றார்.

"சாமி, ஒரே ஒரு கேள்விங்க."

"கேளுங்க."

"தறிக்கு மோட்டார் வாங்கறதுக்குத் தெய்வானை சங்கிலியை அடகு வெச்சேனுங்க. அப்படியே விட்டுட்டேன். திங்கக்கிழமை நகை ஏலம்னு அடகுக் கடையிலிருந்து நோட்டீஸ் வந்திருச்சு."

"திருப்பிருங்க."

"அங்கதானுங்க சிக்கல். வழி நிறைய இருக்குது. எது நல்ல வழின்னுதான் தெரியல."

சாமி காது கொடுத்தார். அது போதுமே பொங்கியண்ணனுக்கு!

"இன்னைக்கு நாலு மணிக்கு எங்க சீட்டு ஏலமுங்க. இன்னைக்கே ஏலத்துல எடுத்தா கையோட பணம். ஆனா முப்பதாயிரத்த விட்டுக் குடுக்கோணும். கடைசி வரைக்கும் பொறுத்தா முழுசா வரும். பேங்க்ல மாத்தி வெச்சா வட்டி கம்மி, ஆனா முதல்ல மீட்கக் காசு வேணுமே. மியூச்சுவல் ஃபண்டை உடைக்கலாம், அது இப்ப இறங்கிக் கிடக்குது. கிரெடிட் கார்டுல எடுத்தா பேய் வட்டி. மச்சான் வேற ஒண்ணு சொல்றான்..."

"எத்தனை நாளா யோசிக்கறீங்க?"

"அஞ்சு மாசமா." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"அடகு வட்டி?"

"அது பாட்டுக்கு ஓடுதுங்க."

உள்ளே பந்தி உட்காரும் சத்தம் கேட்டது. சாமி எழுந்தார்.

"வாங்க. பரிமாற ஆளில்லை."

"நாலு மணிக்கு ஏலமுங்க சாமி!"

"நேரமிருக்கு, வாங்க."

கூடத்தில் இரண்டு வரிசை. இலை போட்டு, பொரியல் வைத்து, சோறும் வைத்தாயிற்று. ஆவி பறந்துகொண்டிருந்தது. சமையல்கட்டில் வேலை முடித்த பெண்கள் கடைசியில் உட்கார்ந்திருந்தார்கள். தெய்வானையும் அங்கேதான். குழம்பு ஊற்றாமல் யாரும் சோற்றில் கைவைக்க மாட்டார்கள், அது பந்தி மரியாதை.

அன்றைக்குப் பார்த்து இரண்டு வீட்டுக்காரர்கள் குழம்பு கொடுத்திருந்தார்கள். ஒரு வாளியில் சாம்பார், இன்னொன்றில் மோர்க்குழம்பு.

சாமி கரண்டியைப் பொங்கியண்ணன் கையில் கொடுத்தார்.

"முதல்ல எதை ஊத்தலாம்? நீங்கதான் நல்லாப் பாத்துச் சொல்வீங்க."

பொங்கியண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அவர் ஆராய்ச்சியை மதிக்கிறார்.

"சாம்பார்ல பருப்பு இருக்குதுங்க, தெம்பு. ஆனா வயசானவங்களுக்கு வாயு."

"ஓகோ."

"மோர்க்குழம்பு இந்த வெயிலுக்குக் குளிர்ச்சி. ஆனா புளிச்சிருந்தா சளி புடிக்கும். புளிச்சிருக்குதான்னு பாக்கோணும்." உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். "புளிக்கல. அப்ப இதுவே நல்லது. ஆனா ஒண்ணுங்க, சாம்பாரை அப்பறமா ஊத்தினா சோறு பத்தாது..."

"அதுவும் சரிதான்."

"பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அதுன்னு வெச்சா? அதுலயும் ஒரு சங்கடம் இருக்குதுங்க."

கரண்டி இந்த வாளிக்கும் அந்த வாளிக்குமாக அலைந்தது. சோற்றில் ஆவி நின்றுபோனது. ஒரு பெரியவர் பொரியலைத் தின்று முடித்துவிட்டு இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு குழந்தை சிணுங்கியது. பொங்கியண்ணன் காதில் ஒன்றும் விழவில்லை.

கடைசி வரிசையிலிருந்து தெய்வானை குரல் வந்தது.

"ஏனுங்க! எதையாவது ஊத்தித் தொலைங்க! சோறு ஆறிப்போச்சு!"

கூடமே சிரித்தது. பொங்கியண்ணனுக்கு முகம் செத்துப்போனது. கைக்குக் கிடைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி ஊற்றினார். எந்த வாளி என்று அவரும் பார்க்கவில்லை, சாப்பிட்டவர்களும் கேட்கவில்லை.

பந்தி எழுந்ததும் வேர்த்து வழிய வந்து நின்றார்.

"மானம் போச்சுங்க சாமி. அது கிடக்கட்டும். மணி ரெண்டாச்சு. சீட்டை எடுக்கறதா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"இதுவரைக்கும் யார் யாரைக் கேட்டீங்க?"

"ஆடிட்டரைக் கேட்டேன். பேங்க் மேனேஜரை, மச்சானை... சீட்டு நடத்தறவரையே கேட்டேனுங்க. இப்ப உங்களை."

"சங்கிலிக்காரங்களை?"

பொங்கியண்ணன் குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நேரே அங்கே போனார். தெய்வானை கை கழுவிக்கொண்டிருந்தார்.

"தெய்வான, சீட்டை எடுத்து உன் சங்கிலியைத் திருப்பிரலாமா?"

தெய்வானை திரும்பவில்லை. குழாயை மட்டும் மூடினார்.

"எங்கம்மா கழுத்துல கிடந்ததுங்க அது. எவனோ ஏலத்துல எடுத்துட்டுப் போயிருவானோன்னு அஞ்சு மாசமா எனக்குத் தூக்கமில்லை. ஊரையெல்லாம் கேட்டீங்க. வீட்டுக்குள்ள இருக்கறவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இல்ல, முப்பதாயிரம் போகுதேன்னு..."

"போகட்டுமுங்க."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். வண்டி நின்ற வேப்பமரத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

பொங்கியண்ணன் சாவியைத் தேடி ஒவ்வொரு பையாகத் தட்டினார். கிடைத்தது. இரண்டு எட்டு வைத்தவர் நின்று திரும்பினார்.

"அப்ப எடுத்துரட்டுங்களா சாமி?"

சாமி வாளிகளைக் கழுவக் குனிந்திருந்தார்.

"மறுபடியும் என்னையத்தான் கேக்கறீங்க."