விண்ணோடி என்ன கலர்?

"குருவே, பூவராகன் பொய் சொல்றான்."

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு பழைய பொம்மை ரயிலின் சக்கரத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். முதல்ல செருப்பைக் கழட்டுங்க."

சீடர் கழற்றினார்.

குரு என்றதும் தாடியும் கமண்டலமும் தேடவேண்டாம். இந்த குருவுக்கு முப்பது வயதுதான் ஆகிறது. சென்னை சாலிகிராமத்தில் ஒரு தகர ஷெட்டில் படப்பிடிப்புக்குச் செய்த பழைய குட்டி மாடல்களைச் சரிசெய்து கொடுப்பவள். சீடருக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. மன்னார்குடியில் பல் டாக்டர் நெடுஞ்செழியன் என்றால் யாரும் வழி சொல்வார்கள். அவராக வந்து, அவராக "குருவே" என்று ஆரம்பித்து, அவராகச் சேர்ந்துகொண்டார். வேண்டாம் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே!

எல்லாம் ஒரு கப்பலுக்காக.

விண்ணோடி. டாக்டர் பள்ளிக்கூடம் போன காலத்தில் டிவி தொடரில் வந்த விண்கப்பல். அதை அச்சு அசலாக வீட்டில் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஜன்னல், ஆணி, ஒட்டு என்று ஒன்றுவிடாமல் ஆராய்ச்சி.

போன மாதம் வந்து, "கப்பல் மூக்குல ஒரு வலை இருக்கே, அது என்ன ராடாரா குருவே?" என்று கேட்டார்.

மெஹர் அவருக்கு டீ வடிகட்டிக் கொடுத்தாள்.

டாக்டர் டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, படியிறங்கி, பஸ் ஸ்டாப் வரை போனார். அங்கிருந்து ஓடி வந்தார். "மூக்குல இருக்கறது இதுதான்!" என்று வடிகட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டார் பாருங்கள், பக்கத்து வெல்டிங் பட்டறையே வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தது.

இன்று அந்த ஆட்டமெல்லாம் இல்லை.

"யார் சார் பூவராகன்?"

"என் சிநேகிதன். ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து. விண்ணோடி நீலம்னு சொல்றான். அது பச்சை குருவே! என் கண்ணால பாத்தேன்."

"சரி. அவர் நீலம்னு சொன்னா சொல்லிட்டுப் போறார்."

"அப்படி விட்டிருந்தா பரவாயில்லையே. எங்க ஸ்கூல் வாட்ஸப் குரூப்ல எல்லார் முன்னாடியும் எழுதிட்டேன். 'நீ அந்த சீரியலை ஒழுங்கா பாத்ததே இல்லடா'ன்னு. குரூப்பை விட்டே போயிட்டான். என் பொண்ணு வளைகாப்புக்குக்கூட வரல. அவன் பொண்டாட்டி மட்டும் வந்து, மூஞ்சியைத் தூக்கிவச்சிட்டே சாப்பிட்டுட்டுப் போச்சு."

"கப்பலுக்குப் பெயின்ட் அடிச்சாச்சா?"

"எங்க அடிக்க? பச்சை அடிச்சா அவன் வரமாட்டான். நீலம் அடிக்க மனசு வரல. வெள்ளை ப்ரைமரோட உக்காந்திருக்கு." டாக்டரின் குரல் இறங்கியது. "அவன் இல்லாம எனக்கு எதுலயும் ருசியே இல்ல குருவே. அவனைத் திரும்ப வரவைக்கணும். அதுக்கு ஒரிஜினலைப் பாத்து ஒரே வார்த்தை நீங்க சொன்னாப் போதும். அவன் வாயை அடைச்சிடுவேன்."

"வாயை அடைச்சா வந்துடுவாரா?"



மெஹர் எழுந்தாள். மூலையில் ஒரு மரப்பெட்டி. பழைய ஸ்டுடியோவை இடித்தபோது கிடைத்து, முந்தாநாள்தான் அவளிடம் வந்து சேர்ந்தது. அன்றே சீடருக்குப் போனில் சொல்லியிருந்தாள். மூடியைத் தூக்கினாள். வைக்கோலை விலக்கினாள்.

விண்ணோடி.

டாக்டர் கையைக் கூப்பிவிட்டார். கூப்பிய கை அப்படியே நின்றது.

"ரோஸ்!"

"ம்."

"ரோஸ் மில்க் கலர்ல இருக்கு!"

"ஆமா."

"எந்தப் படுபாவியோ மேல பூசியிருக்கான் குருவே!"

"சுரண்டிப் பாத்துட்டேன். அடியில மரம்தான். முதல்லேர்ந்தே ரோஸ்தான் சார். கறுப்பு வெள்ளையில எடுத்த சீரியல். படத்துல நல்ல சாம்பலா விழணும்னு ரோஸ் அடிச்சிருக்காங்க."

டாக்டர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். பச்சையும் போச்சு, நீலமும் போச்சு.

மெஹர் கேட்டாள். "கறுப்பு வெள்ளையில வந்த கப்பலை நீங்க எப்படி சார் பச்சையா பாத்தீங்க?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி டாக்டருக்கே தோன்றவில்லை என்பதுதான் கொடுமை.

அப்புறம் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"கலர் தட்டு! எங்க பெரியப்பா டிவிக்கு முன்னாடி, ஒரு சாண் தள்ளி ஒரு பிளாஸ்டிக் தட்டு மாட்டியிருந்தார். மேல நீலம், நடுவுல ஆரஞ்சு, கீழ பச்சை. கறுப்பு வெள்ளை டிவி கலர் டிவி ஆயிடுமாம்! அதுல நியூஸ் வாசிக்கிற அம்மாவுக்கு நெத்தி நீலமா இருக்கும். அடக் கடவுளே!"

சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"இருங்க இருங்க. அவனும் அதே வீட்டுலதான் பாத்தான். அதே டிவி, அதே தட்டு. எனக்குப் பச்சைன்னா அவனுக்கு மட்டும் எப்படி நீலம்? அப்பவும் அவன் சொல்றது பொய்தானே?"

சீடர் விடுவாரா!

மெஹர் படப்பிடிப்பு விளக்குகளுக்கு ஒட்டும் கலர் கண்ணாடித் தாள்களை எடுத்தாள். நீலம், ஆரஞ்சு, பச்சை. ஒரு சட்டத்தில் அதே வரிசையில் ஒட்டினாள். கப்பலை மேஜைமேல் வைத்து, சட்டத்தை அதற்கு முன்னால் ஒரு சாண் தள்ளி நிறுத்தினாள்.

"தரையில உக்காருங்க சார்."

டாக்டர் முட்டி மடக்கி, "அம்மாடி" என்று உட்கார்ந்தார். தாளின் வழியே அண்ணாந்து பார்த்தார்.

"பச்சை! பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே!"

"இப்ப அந்த ஸ்டூல்மேல ஏறுங்க."

ஏறினார். குனிந்து பார்த்தார்.

"நீலம்."

இறங்கி உட்கார்ந்தார். பச்சை. ஏறினார். நீலம். மறுபடி இறங்கினார். முட்டிவலி என்று ரயிலில் வழி முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்த மனுஷன், குரங்கு மாதிரி ஏறி இறங்கினார். வெல்டிங் பட்டறைக்காரர்கள் மறுபடியும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"நாங்க ரெண்டு பேருமே பொய் சொல்லல குருவே! ரெண்டு பேருமே பொய் சொல்லல!"

மெஹர் சட்டத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நீங்க தரையில உக்காந்தீங்க. சரி. அவர் ஏன் உயரத்துல நின்னார்?"

"அவனா? அவன் உள்ளேயே இல்லையே. ஜன்னலுக்கு வெளிய, குட்டிச்சுவர்மேல நின்னு பாப்பான்."

"உள்ள இடம் இல்லையா?"

"இடமெல்லாம் இருந்துச்சு. எங்க ஊருக்கு சிக்னல் சரியா எட்டாது குருவே. காத்தடிச்சா ஆன்டெனா திரும்பிடும், படம் பூரா எறும்பு ஓடும். யாராவது ஒருத்தர் பைப்பைப் புடிச்சிட்டே நிக்கணும். எங்களுக்கெல்லாம் கை வலிக்கும், அவன்தான்..."

டாக்டர் ஷெட்டின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

மெஹர் பஞ்சை எடுத்துக்கொண்டு ரயில் சக்கரத்துக்குத் திரும்பினாள்.

'நீ ஒழுங்கா பாத்ததே இல்லடா.' டாக்டருக்குத் தான் எழுதியதே காதில் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்தார். வீடியோ கால்.

எடுக்கமாட்டான் என்றுதான் நினைத்தார். பூவராகன் எடுத்தார். முகம் உர்ரென்று இருந்தது. அந்த உர்ரும் பாதியில் உறைந்து, கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

"தகர ஷெட் சார். உள்ள டவர் கிடைக்காது" என்றாள் மெஹர்.

டாக்டர் வெளியே ஓடினார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெயின்ட் டிரம் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஏறினார். கம்பி வழியாகக் கையை உள்ளே விட்டு, கப்பலைப் பார்த்துப் போனை நீட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. திரையில் என்ன தெரிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பூவராகா! தெரியுதாடா?"

போனை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"டேய், தெரியுதா?"

போனிலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"இல்லடா. கொஞ்சம் இடது பக்கம் திருப்பு."

திருப்பினார்.

"ரொம்பத் திருப்பிட்டடா மடையா. பின்னால வா... இன்னும்... இன்னும் கொஞ்சம்..."

டாக்டரின் கை கடுத்தது.

"ஆங்! தெரியுது, தெரியுது! அப்படியே புடி. அசையாத."