நீல வால் ஈட்டி

“மாஸ்டர், என் ஈட்டியை அவ தொடலாமா?”

சௌந்தரி இப்படிக் கேட்டபோது எங்கள் பயிற்சியாளர் லூர்து மாஸ்டர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லா நாட்டு அணிகளும் சாப்பிடும் பெரிய கூடம் அது. நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன்.

“எவ?”

“எவன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்.”

தெரியும். ஒன்பதே பேர் வந்திருக்கிற அணியில் யாருக்கு யார்மேல் வயிற்றெரிச்சல் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எங்கள் நாடு ஒரு தீவு. உலகப் படத்தில் ஒரு புள்ளி. அச்சடிக்கிறவனுக்கு மை தீர்ந்துபோனால் அந்தப் புள்ளியும் இருக்காது. பதினான்கு தீவு நாடுகள் நாலு வருஷத்துக்கு ஒருமுறை கூடி ஓடி, நீந்தி, தூக்கி, எறிந்து பார்க்கும் விளையாட்டு விழாவுக்கு வந்திருந்தோம். நான் நடைப் போட்டிக்காரன். கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்தேன். என் கதை கிடக்கட்டும்.

போன விழாவில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பதக்கம். ஈட்டி எறிதலில் சௌந்தரி வாங்கிய வெண்கலம். மீன் டப்பா ஃபேக்டரியில் அவளுக்கு எடை போடும் வேலை. அவள் பதக்க மேடையில் நிற்கிற படத்தைப் பெரிதாக்கி ஃபேக்டரி கேன்டீனில் மாட்டியிருக்கிறார்கள். நாலாவதாக வந்தவளைப் பதினோரு சென்டிமீட்டரில் தள்ளிவிட்டு வாங்கிய பதக்கம் அது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இரண்டு விரலை அகட்டி, “இவ்வளவுதான்! அவ மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே!” என்று சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. வலது தோள் தேய்ந்துவிட்டது, இந்த விழாதான் கடைசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேன்டீனில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் மாட்ட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

அதற்குள் மெர்லின் வந்து சேர்ந்தாள்.

மெர்லினுக்கு இருபத்திரண்டு வயது. மூன்று வருஷமாகத்தான் எறிகிறாள். தீவில் இருந்தவை இரண்டு பழைய பயிற்சி ஈட்டிகள், அதில் ஒன்று வளைந்தது. அதை வைத்துக்கொண்டே சௌந்தரியின் தூரத்துக்கு ஒரு முழம் பின்னால் வந்து நின்றுவிட்டாள். பேப்பரில் இரண்டு பேர் படமும் வந்தது. மெர்லின் படம் பெரிது. தொடக்க விழாவில் கொடி பிடிக்கவும் மெர்லினைத்தான் சொன்னார்கள். போதாக்குறைக்கு அந்த உடுப்பு வேறு. ஒன்பது பேருக்கும் ஒரே அளவில் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கெல்லாம் சாக்கு மாதிரி தொங்கியது, மெர்லினுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. சௌந்தரிக்கு அதற்கும் எரிந்தது.

“நேத்து அவளுக்கு மூணு சபாஷ் சொன்னீங்க,” என்றாள் மாஸ்டரிடம். “எனக்கு ஒண்ணு.”

“எண்ணிக்கிட்டா எறிஞ்சே?”

“காதுல விழுந்துச்சு.”

சௌந்தரியிடம் ஒரு நல்ல ஈட்டி இருந்தது. வால் பக்கம் நீலமாக இருக்கும். போன விழாவில் அவள் வெண்கலம் எறிந்தது அதில்தான். பந்தயம் முடிந்த மறுநாள் மாஸ்டர் அதைக் கொண்டுவந்து, “இனிமே இது உன்னோடது” என்று கொடுத்தார். விழாக்காரர்கள் பதக்கத்தோடு சேர்த்துக் கொடுத்த பரிசு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். தண்ணீர்க் குழாய் ஒன்றை வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, அதற்குள் வைத்திருப்பாள். வீட்டில் அவள் கட்டிலுக்கு அடியில்தான் அந்தக் குழாய். நாலு வருஷத்தில் வேறு ஒரு கை அதில் பட்டதில்லை. மெர்லின் ஒருமுறை ஆசையாகத் தொட வந்தபோது மூடியைப் படாரென்று சாத்தினாள். கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்தப் பெண்ணின் விரல் போயிருக்கும்.

ஈட்டிப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த ஈட்டி கொண்டுவருகிறவர்கள் முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் அதைச் சோதனை மேஜையில் ஒப்படைத்துவிட வேண்டும். எடை பார்ப்பார்கள், நீளம் பார்ப்பார்கள், ஒரு முத்திரை ஒட்டுவார்கள். மறுநாள் மைதானத்தில் ஒரே ஸ்டாண்டில் எல்லா ஈட்டிகளும் நிற்கும். விழாக்காரர்கள் கொடுப்பவை எப்போதும் மஞ்சள் வால். மற்றவை அவரவர் கொண்டுவந்தவை. ஸ்டாண்டில் வைத்த பிறகு என்னது உன்னது கிடையாது, போட்டியிடுகிற யாரும் எதையும் எடுத்து எறியலாம். ஒப்படைக்காத ஈட்டியை, கொண்டுவந்தவளே ஆனாலும், எறிய முடியாது.

“சொல்லுங்க மாஸ்டர். தொடலாமா, கூடாதா?”

“ஸ்டாண்டுல வச்சா தொடலாம்.”

“தொட்டு, அதுல என்னைவிடத் தூரம் எறிஞ்சுட்டா?”

“எறியலாம்.”

“அப்போ நான் எதுக்கு வைக்கணும்?”

“வைக்கலைன்னா நீயும் எறிய முடியாது.”

“மஞ்சள்ல எறியறேன். அவளும் மஞ்சள்ல எறியட்டும். ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? அனுபவம் எனக்குத்தானே ஜாஸ்தி?”

மாஸ்டர் பழத்தைத் தின்று முடித்தார். தோலை மடித்துத் தட்டில் வைத்தார்.

“முந்தாநாள் பயிற்சியில நீலத்துல எவ்வளவு?”

“அம்பத்தி நாலு.”

“மஞ்சள்ல?”

மஞ்சளில் அவள் ஐம்பதைத் தாண்டியதே இல்லை.

“உன் ஈட்டி, உன் இஷ்டம்,” என்று மாஸ்டர் எழுந்தார். “ஆறு மணி வரைக்கும் அந்த மேஜைகிட்டதான் நிற்பேன்.”

சொன்னபடியே நின்றார். நானும் பொழுது போகாமல் கூட நின்றேன். சிவப்பு வால், வெள்ளை வால் என்று மற்ற நாட்டுக்காரர்களின் ஈட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. மெர்லினிடம் ஒப்படைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் வந்து நின்றாள்.

“அக்கா இன்னும் வரலையே மாஸ்டர். நேரமாகுது. ஓடிப்போய்க் கூப்பிடட்டுமா?”

“வேண்டாம்.”

ஆறு மணிக்கு மேஜையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரத்தில் சௌந்தரி குழாயை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாளாம். மணி ஆறானதும், “இப்போ எறியட்டும் பார்க்கலாம்” என்றாளாம். அவளோடு அறையில் தங்கியிருந்த நீச்சல்காரப் பெண் சொன்னது இது.

மறுநாள் மைதானத்துக்குள் போனதும் மெர்லின் நேரே ஸ்டாண்டுக்குப் போனாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். திரும்பி ஓடிவந்தாள்.

“அக்கா, உங்க நீலம் எங்கே? சோதனையில தள்ளிட்டாங்களா? அநியாயமா இருக்கே! வாங்க, நான் போய்ச் சண்டை போடறேன்.”

“ஒண்ணும் வேண்டாம், போ.”

“நான் அதைத் தொடமாட்டேன்க்கா. மாஸ்டர்கிட்டகூடச் சொல்லியிருந்தேன். நீங்க அதுல எறிஞ்சா நமக்கு ஒரு மெடல் உறுதி. அது எங்கக்கா?”

சௌந்தரி காலணிக் கயிற்றைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டாள். அப்போது அவளுக்கு என்ன தோன்றியது என்று பிறகு அவளே என்னிடம் சொன்னாள். அடிப்பாவி, நல்லா எறியறது போதாதா? நல்லவளா வேற இருக்கணுமா?

முதல் எறி நாற்பத்தெட்டு. மஞ்சள் ஈட்டியின் பிடி அவள் கைக்குத் தடிமனாக இருந்தது. இரண்டாவதில் கால் கோட்டைத் தாண்டிவிட்டது, சிவப்புக் கொடி தூக்கினார்கள். ஸ்டாண்டில் இருந்த மற்றவர்களின் ஈட்டியை எடுத்துப் பார்த்திருக்கலாம். எடுக்கவில்லை. அடுத்தவளுடையதைத் தொட அவளுக்கு மனசு வரவில்லை. மூன்றாவதில் ஐம்பதுக்கு ஒரு சாண் குறைவு. அதோடு சரி, பிறகு எறிந்ததெல்லாம் அதற்கும் கீழே.

மெர்லின் சிவப்பு வால் ஒன்றை எடுத்தாள். அதைக் கொண்டுவந்தவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அவளும் சிரித்துத் தலையை ஆட்டினாள். புது ஈட்டி, பழகாத கை. ஆனாலும் ஐந்தாவது எறியில் ஐம்பத்து மூன்று மீட்டரைத் தொட்டுவிட்டாள். வெண்கலம் வாங்கியவள் அவளைவிட எறிந்தது ஒரு விரல் நீளம்தான் கூடுதல்.

பலகையில் பெயர்கள் வந்தன. மெர்லின் நாலாவது. சௌந்தரி ஏழாவது.

மெர்லினுக்கும் பதக்கம் இல்லை என்றதும் சௌந்தரிக்கு முதலில் வந்தது நிம்மதி. பொய் சொல்வானேன், அதுதான் உண்மை. அதற்குப் பிறகுதான் அழுதாள். வெண்கலம் போனது ஐம்பத்து மூன்று மீட்டருக்கு. பயிற்சியில் நீலத்தில் இவள் எறிந்தது ஐம்பத்து நாலு.

எங்கள் ஒன்பது பேரில் அதற்குப் பிறகு யாருக்கும் போட்டி இல்லை. வெறுங்கையோடு ஊருக்குப் போகப்போகிறோம் என்பது உறுதியாகிவிட்டது.

சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த கட்டடத்துக்கு வெளியே, சிமெண்ட் பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலை நீட்டி நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சௌந்தரி வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“ஏன் மாஸ்டர் என்னைத் திட்டல?”

“தொண்டை சரியில்ல.”

“விளையாடாதீங்க மாஸ்டர். அவ தொடமாட்டான்னு உங்களுக்குத் தெரியும். என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா?”

“வச்சிருப்பேன்.”

“வச்சிருப்பே. வச்சுட்டு, ஆறு தடவையும் அவ கை எங்கே போகுதுன்னு பார்த்துக்கிட்டே எறிஞ்சிருப்பே.”

சௌந்தரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“போய்க் குழாயை எடுத்துட்டு வா,” என்றார் மாஸ்டர்.

கொண்டுவந்தாள். மாஸ்டர் மூடியைத் திருகி, ஈட்டியை வெளியே இழுத்து, முழங்கால்மேல் குறுக்கே வைத்துக்கொண்டார். வாலில் நீல வண்ணம் கொஞ்சம் உரிந்திருந்தது. அந்த இடத்தை விரலால் தடவினார். சௌந்தரி தடுக்கவில்லை.

“போன தடவை வெண்கலம் எதுல எறிஞ்சே?”

“இதுலதான்.”

“அப்போ உனக்குச் சொந்த ஈட்டி இருந்துச்சா?”

“ஏது? ஸ்டாண்டுல இருந்து எடுத்தேன். கைக்கு வாகா இருந்துச்சு.”

“ஸ்டாண்டுல வச்சது யாரு?”

“விழாக்காரங்க.”

“விழாக்காரங்க ஈட்டிக்கு என்ன வால்?”

“மஞ்ச...”

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மாஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. ஈட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அன்னிக்குப் பந்தயம் முடிஞ்சதும் எல்லாரும் உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் மட்டும் பையைக் கட்டிக்கிட்டிருந்தேன். ஒரு பொண்ணு இதைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தா. வேற தீவு. அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஈட்டியைக் காட்டினா. நீ போன திசையைக் காட்டினா. அப்புறம் கையை இப்படி, மேலே மேலேன்னு தூக்கிக் காட்டினா. எவ்வளவு நல்லாப் பறக்குதுங்கிறா. என் கையில கொடுத்துட்டுப் போயிட்டா.”

“நாலு வருஷமா ஏன் மாஸ்டர் சொல்லல?”

“யார் கொடுத்தாங்கன்னு நீ கேட்கவே இல்லையே.”

மேலே இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து மெர்லின் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, சாப்பிட வாங்க! உங்களுக்கு இடம் பிடிச்சு வைக்கப் போறேன்!”

சௌந்தரி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரின் மடியில் இருந்த ஈட்டியைப் பார்த்தாள். கேட்டாள்.

“யாரு மாஸ்டர் அந்தப் பொண்ணு?”

மாஸ்டர் ஈட்டியைக் குழாய்க்குள் செருகினார். மூடியைப் போடவில்லை. அப்படியே அவள் கையில் கொடுத்தார்.

“அன்னிக்கு நாலாவதா வந்தவ.”