மூன்று முறை வெட்டாத நொதி

பேராசிரியர் செய்யதலி பாத்திமாவிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்களில் இசக்கியம்மாள்தான் மூத்தவள். ஆசிரியரைவிட நான்கு வயது கூடுதல். மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டு, நாற்பதைத் தாண்டி வந்து படிக்கிறவள். கோபத்துக்கு மட்டும் இன்னும் வயசாகவில்லை.

அன்று காலை ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க மேடம். நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுக்கணும்."

பாத்திமா படித்தார். புதிதாக வந்த ஒப்பந்த உதவியாளர் ஞானதுரை, டி.என்.ஏ.வை வெட்டும் விலை உயர்ந்த நொதியைக் கவனமில்லாமல் கெடுத்துவிட்டார். அவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

"என்னக்கா நடந்துச்சு?"

"மூணு தடவை போட்டுட்டேன். டி.என்.ஏ.வை வெட்டவே மாட்டேங்கு. நொதி செத்துப்போச்சு. அந்த மனுஷன் குப்பிய ஃப்ரீசர்ல இருந்து எடுத்து சும்மா வெளிய வச்சிருக்காரு. ஐஸ் கம்பெனியில இருபது வருஷம் வேலை பாத்தவராம்! ஐஸ்ல வைக்கத் தெரியலையாம்!"

"எவ்வளவு நேரம் வச்சாராம்?"

"அஞ்சு நிமிஷம்ங்காரு. யாரு கண்டா?"

ஞானதுரை வாசலில்தான் நின்றார். ஐம்பது வயது இருக்கும். "வச்சது நெசந்தாம்மா. என்னாலதான் கெட்டிருக்கும்" என்றார்.

வரிந்துகட்டி நின்றவளுக்கு, எதிராளி இப்படி ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பாத்திமா பேனாவைத் தொடவில்லை. ஃப்ரீசரைத் திறந்து அதே நொதிக் குப்பியை எடுத்து ஐஸில் வைத்தார். வேறொரு பெட்டியிலிருந்து சின்னக் குழாய் ஒன்றையும் எடுத்தார்.

"இது போன வருஷம் நான் எடுத்து வச்ச டி.என்.ஏ. உங்களோடதுக்கும் இதுக்கும் ஓரெழுத்து வித்தியாசம் கிடையாது. ரெண்டுக்கும் இந்த நொதியையே போடுங்க."

"செத்த நொதியப் போட்டு என்னத்துக்கு மேடம்?"

"செத்ததுன்னா ரெண்டையும் வெட்டாது. போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். இரண்டு குழாயும் வெந்நீர்த் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தபோது ஞானதுரை மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"எம்மா, இது முடிஞ்சதும் நான் போலாமா? மூணரை பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறு மணிக்குத்தான். வீட்ல எப்படிச் சொல்லுததுன்னு வேற யோசிக்கணும். ஐஸ் கம்பெனிய மூடி எட்டு மாசம் கழிச்சுக் கெடச்ச வேலை."

"உக்காருங்க" என்றாள், வெடுக்கென்று.

ஒரு மணி நேரச் சூடு, பிறகு துண்டுகளைப் பிரித்துப் பார்க்க ஜெல்லில் ஓட்டம். புற ஊதா விளக்கைப் போட்டபோது மணி இரண்டரை.

பாத்திமாவின் டி.என்.ஏ. சுத்தமாக இரண்டு துண்டாகியிருந்தது. இசக்கியம்மாளுடையது வெட்டுப்படாமல் அப்படியே கிடந்தது.

நொதி சாகவில்லை.

"ஒரே எழுத்து, ஒரே கத்தி. இது எப்படி மேடம்?"

"உங்க டி.என்.ஏ.வை எந்த பாக்டீரியாவுல வளத்தீங்க?"

இசக்கியம்மாள் நோட்டைப் புரட்டினாள். குரல் இறங்கிவிட்டது. "நீங்க சொன்ன பாக்டீரியா மெதுவா வளந்துச்சு. நானாத்தான் வேற ஒண்ணுக்கு மாத்தினேன். அது சீக்கிரம் வளருது."

"வளரும். கூடவே, டி.என்.ஏ.ல சில எழுத்துக சேர்ந்து வர்ற எடத்துல எல்லாம் மெத்தில்ங்கிற வேதிப்பொருளால ஒரு பொட்டும் வைக்கும். நீங்க வெட்டப் பாத்த எடத்துல பொட்டு விழுந்திருக்கு. அதுக்கு மேல இந்த நொதியால வெட்ட முடியாது. நான் வளத்த பாக்டீரியாவுக்குப் பொட்டு வைக்கத் தெரியாது."

கடிதம் இன்னும் மேஜைமேல்தான் இருந்தது. வாசலில் ஞானதுரை சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, போகச் சொன்னால் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்திருந்தார். இசக்கியம்மாள் நோட்டை மூடினாள். உறுத்தலைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல் ஒரு கேள்வியைக் கேட்டு வைத்தாள்.

"பாக்டீரியாவுக்குப் போயி பொட்டு எதுக்கு?"

"இந்த நொதியே இன்னொரு பாக்டீரியாவோட கத்திதானேக்கா. வைரஸ் உள்ள வந்தா அதோட டி.என்.ஏ.வை வெட்டிப்போடும். ஆனா கத்திக்கு ஆள் தெரியாது. பொட்டு இருந்தா விடும், இல்லைன்னா வெட்டும். அதனால கத்தி வச்சிருக்கிற பாக்டீரியா தன் டி.என்.ஏ. பூராவும் பொட்டு வச்சுக் காப்பாத்திக்கிடுது."

இசக்கியம்மாள் விடுகிற ஆள் இல்லை. "அது சரி. பாக்டீரியா பெருகும்போது டி.என்.ஏ.வுக்குப் புது இழை வருமே. அதுல பொட்டு இருக்காதே. கத்தி அப்பவே வெட்டிராதா?"

"வெட்டாது. புது இழை தனியா வாரதில்லை. பழைய இழையோட ஜோடி சேந்துதான் வரும். பழசுல பொட்டு இருக்கு. ஒண்ணுல இருந்தாலே கத்தி தொடாது. பொட்டு வைக்கிற நொதி அதுக்குள்ள வந்து புதுசுக்கும் வச்சிரும்."

"அது வர லேட்டாச்சுன்னா?"

பாத்திமா கையெழுத்துப் போடாமலே கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஞானதுரை இருந்த வாசல் பக்கம் திரும்பவில்லை.

"லேட்டானா என்னக்கா? அதுவரைக்கும் பழசு புதுசு பக்கத்த விட்டுப் போகாம நின்னாப் போதும்."